அரை ஆயுசு எட்டு நாள்

இருபத்திரண்டு வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கதிரியக்கச் சிதைவு வருகிற அன்றைக்கு மட்டும் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். ஒரு பொருள் பாதியாகத் தேய எவ்வளவு காலம் ஆகிறதோ, அதுதான் அதன் அரை ஆயுள். "அப்ப முழு ஆயுள் எவ்வளவு டீச்சர்?" என்று வருடம் தவறாமல் ஒருத்தி எழுந்து கேட்பாள். அதற்காகவே காத்திருப்பேன். முழு ஆயுள் என்று ஒன்று கிடையாதடி, பாதி போகும், மிச்சத்தில் பாதி போகும், அந்த மிச்சத்திலும் பாதி போகும், போய்க்கொண்டே இருக்கும் என்று கரும்பலகையில் ஒரு கோடு இழுப்பேன். கோடு பலகையின் ஓரம் வரைக்கும் போய், சில நாள் சுவரிலும் கொஞ்சம் போகும். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'பாதி டீச்சர்'. முதலில் தெரிந்தபோது கோபப்பட்டேன். என் கோபத்தின் அரை ஆயுள் முக்கால் மணி நேரம் என்று என் கணவர் கணக்கு வைத்திருக்கிறார். அவர் மோட்டார் வைண்டிங் கடை நடத்துகிறவர். எதையும் அளந்து பார்த்துத்தான் சொல்லுவார்.

அந்தப் பாடம் ஒரு நாள் என் தொண்டைக்குள்ளேயே வந்து உட்காரும் என்று நான் நினைக்கவில்லை. போன வருடம் தைராய்டில் ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதித்ததில் புற்று என்று வந்தது. "பயப்படாதீங்க, இது நல்ல மாதிரி புற்று" என்றார் டாக்டர். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் என் கணவர் கேட்டார். "புத்துல நல்ல மாதிரின்னா, பாம்பு இல்லாத புத்தாட்டி?" நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகையோடேயே சிரித்துவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சசொச்ச செல்களை ஒழிக்கக் கதிரியக்க அயோடின் தர வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு மாத்திரை. தைராய்டு செல் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினைக் கண்டால் வாயைத் திறக்கும். அப்படித் திறந்து விழுங்கியதும் கதை முடியும். ஆனால் விழுங்கியவள் கொஞ்ச காலம் தானும் கதிர் வீசுவாள். குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். பொதுவாக மூன்று வாரம் என்று டாக்டர் சொன்னார்.

வம்பு அங்கேதான் இருந்தது. என் ஒரே மகள் நாங்குநேரியில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவம், ஒன்பதாவது மாதம். வளைகாப்புக்குச் சம்பந்தி வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். மாத்திரை விழுங்கும் நாளிலிருந்து எண்ணினால் அது பதினேழாவது நாள். அதை விட்டால் நல்ல நாள் இல்லை, பேறுகாலமும் நெருங்கிவிடும். மருத்துவமனையில் கிடைத்த தேதியையும் தள்ளிப்போட முடியாது. எங்கள் குடும்பத்து வழக்கப்படி பெற்றவள் முதல் வளையலைப் போட்டு, அன்றைக்கே மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நான் போட வேண்டும். என் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மாத்திரைக்கு முன்னால் இரண்டு வாரப் பத்தியம். அயோடின் கலந்த உப்பு ஆகாது, பால் ஆகாது, கடல் மீன் ஆகவே ஆகாது. சீலா மீன் குழம்பு கொதிக்கிற வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் சன்னலைச் சாத்துவேன். உடன்குடிக் கருப்பட்டி போட்ட கட்டங்காப்பிதான் என்னைக் காப்பாற்றியது.

மருத்துவமனையில் கடைசி அறை எனக்கு. மாத்திரை ஈயக் குப்பியில் வந்தது. அதைக் கொண்டுவந்த டெக்னீஷியன் உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், கழுத்தில் சிலுவை போட்ட முப்பது வயசுக்காரர். குப்பியை நீட்டிவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார். "முழுங்குங்க டீச்சர். முழுங்கிட்டு நிறைய தண்ணி குடிங்க. தண்ணிதான் இங்கன மருந்து" என்றார். மூன்று நாள் தனியாக இருந்தேன். குடம் குடமாகக் குடித்தேன், புளிப்பு மிட்டாய் சப்பினேன், கழிப்பறைக்கு நடந்தே கால் வலித்தது. நான்காம் நாள் ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியை என் பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அங்கே மாடி அறையில் தனித் தட்டு, தனி வாளி, தனி ராஜ்ஜியம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஏரலிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். கணவருக்கு ஒரே தங்கை, வாயும் மனசும் பெரிசு. எப்போ வந்து பார்க்கலாம் என்று கேட்டாள். இப்போது வராதே என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்து, விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று என் வாத்தியார் புத்தி முடிவு செய்தது. நான் சொன்னது இதுதான்: "இப்ப வராண்டாம் தாயி. அரை ஆயுசு எட்டு நாளு. அது கழியட்டும்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன்.

எங்கள் பள்ளித் தமிழம்மா பிறகு விளக்கினாள். தமிழில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயராம். வாக்கியத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடலாம், கேட்பவர் சேர்த்துக்கொள்வார். நான் மனசுக்குள் அயோடினை வைத்துப் பேசினேன். நாத்தனார் என்னைச் சேர்த்துக்கொண்டாள். 'அது கழியட்டும்' என்பது போதாக்குறைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் ஒன்று வந்து வாசலில் நின்றது. ஏரலிலிருந்து பதினொரு பேர். முதலில் இறங்கியது ஆர்லிக்ஸ் பாட்டில், அப்புறம் ஆப்பிள், அப்புறம் நாத்தனார். நடையில் கால் வைக்கிறதுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"எம் மதினி! எட்டு நாளுன்னு நீங்களே சொல்லுதாப்புல ஆயிட்டே! பேரப்பிள்ள மொகத்தப் பாக்காமப் போறியளே!"

நான் மாடிச் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கீழே எல்லோரும் நிமிர்ந்தார்கள். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்தார்கள். "யாரு போறா? நான் எங்க போறேன்?" என்று கத்தினேன்.

"அரை ஆயுசுன்னு சொன்னியளே!"

"அரை ஆயுசு எனக்கில்ல. மருந்துக்கு!"

"மருந்துக்கு ஏது மதினி ஆயுசு?"

அதற்குள் என் கணவர் கடையிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "ஏளா, முழு ஆயுசுன்னா நூறு. அரை ஆயுசுன்னா அம்பது. ஒம் மதினிக்கு அம்பத்தொண்ணு முடிஞ்சிட்டு. அவ எப்பமோ தாண்டிட்டா. அழாதே." என் வயசைத் தெருவுக்கே சொன்னதற்கு மாடியிலிருந்து அவர் மேல் எறிய ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். எல்லாமே தனியாக வைத்த சாமான், எறியக்கூடாது.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனசில்லை. சன்னலில் நின்றபடியே பாடம் எடுத்தேன். கணவரிடம் ஒரு வட்டுக் கருப்பட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதை இரண்டாக உடைக்கச் சொன்னேன். ஒரு பாதியை ஒதுக்கு, இது எட்டு நாள். மிச்சத்தை உடை, ஒரு பாதியை ஒதுக்கு, இது பதினாறு நாள். அதையும் உடை. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தாள். என் வகுப்பில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான்காவது முறை உடைத்ததும் அவள் கேட்டாள்: "அப்ப முடியவே முடியாதா மதினி? எப்பமும் கொஞ்சம் கெடக்குமா?"

ஒதுக்கி வைத்த பாதிகளை எல்லாம் அதற்குள் அவளுடைய மாமனார் தின்றுகொண்டிருந்தார். அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு மாடியில் தங்கிவிட்டது.

அன்று மத்தியானம் ஒரு வரைபடத் தாளை எடுத்துக் கோடு போட்டேன். எட்டாம் நாள் பாதி. பதினாறாம் நாள் கால். பதினேழாம் நாள், வளைகாப்பன்று, கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. விழுங்கியதில் கால் பங்கை வயிற்றிலும் கழுத்திலும் வைத்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சியின் கையைப் பிடிப்பதா? டாக்டர் சொன்ன மூன்று வாரத்தில்கூட ஆறில் ஒரு பங்கு மிச்சம் வந்தது. அந்த மனுஷர் ஏதோ தோராயமாகச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. தோராயம் என்றாலே எனக்கு ஆகாது. பேறுகாலத்துக்கே மகள் என் வீட்டுக்கு வரக்கூடாது, நாங்குநேரியிலேயே இருக்கட்டும் என்று முடிவு கட்டினேன்.

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். முதல் வளையலை ஏரல் அத்தை போடட்டும், பிரசவமும் அங்கேயே இருக்கட்டும் என்றேன். "சரிம்மா, வீடியோல பாரு. எனக்கு வளையல் கிலுக்குத சத்தம் கேக்கும்படியா ஆட்டுதேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் நான் திட்டியிருப்பேன். அவள் எனக்குத் தைரியம் சொன்னாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். அந்தத் தலையணை உறையையும் தனியாகத்தான் துவைக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

கணவர் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு பேசினார். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த நாட்களில் பதினாறு படி தூரத்தில் நடந்தது.

"கணக்கு எதுக்குட்டி? ஆஸ்பத்திரிக்குப் போயி மீட்டர வச்சுப் பாத்தா போச்சு."

"இருபத்திரண்டு வருசமா இதத்தான் நடத்துதேன். எனக்குத் தெரியாதா?"

"காயில் எரிஞ்சிட்டுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுத ஆளுவளும் என் கடைக்கு வருதாவ. மீட்டர வச்சாத்தான தெரியும், காயிலா ஒயரான்னு."

முக்கால் மணி நேரம் கோபப்பட்டேன். அதற்குள் அவர் மருத்துவமனைக்குப் போன் செய்து பதினாறாம் நாளுக்கு நேரம் வாங்கிவிட்டார். என்னிடம் சொன்னது பதினைந்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைக்கும்போது.

வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். கையில் வரைபடத் தாள் இருந்தது. உவரிக்காரர் முதலில் கருவியைச் சுவர்ப் பக்கம் நீட்டி ஒரு அளவு குறித்தார். அப்புறம் ஒரு மீட்டர் தள்ளி நின்று என் பக்கம் நீட்டினார். குறித்தார். அப்புறம் கிட்டே வந்தார், என் கழுத்தருகே வைத்தார், வயிற்றருகே வைத்தார். நான் பின்னால் நகர்ந்தேன். அவர் சிரித்தார்.

"ஒரு மீட்டருல சுவரும் நீங்களும் ஒண்ணுதான் டீச்சர். கிட்ட வச்சாத்தான் மருந்து கெடக்குதுன்னே தெரியுது. அதுவும் சொல்லும்படியா இல்ல."

"இருக்காது. கால் பங்கு இருக்கணும்" என்று தாளை நீட்டினேன். தப்பு அவருடைய கருவியில் என்பது மாதிரிதான் பேசினேன்.

அவர் தாளை வாங்கி மரியாதையாகப் பார்த்தார். "கோடு அழகா இருக்கு. ஆனா நீங்க குடிச்ச தண்ணிய இதுல எங்கன எழுதியிருக்கிய?"

எனக்கு விளங்கவில்லை.

"இது மருந்தக் குப்பியிலயே பூட்டி வச்சா ஆவுத கணக்கு டீச்சர். தானா தேயிறது எட்டு நாளைக்குப் பாதி. சரிதான். ஆனா நீங்க குப்பியா? ஒங்களுக்குச் சுரப்பியும் இல்ல, மருந்துக்கு ஒட்டிக்கிட எடமும் இல்ல. மூணு நாளா குடம் குடமாக் குடிச்சுக் கழிச்சியள்லா? பெரும்பாகம் அங்கனயே போயிட்டு. தேயிறது ஒரு பக்கம், கழியிறது ஒரு பக்கம். ரெண்டும் சேந்துல்லா கொறையும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டியில் ஓட்டை இருக்கிறது என்று கணக்குப் போட்டவள், அதே தொட்டியிலிருந்து ஒருத்தி வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். மொண்டவளும் நானேதான். மூன்று நாளாகக் கால் வலிக்க நடந்தது எதற்காம்? பாடப்புத்தகத்தில் இருந்த அயோடினுக்கு உடம்பு கிடையாது. அதையே நடத்தி நடத்தி எனக்கும் உடம்பு இருப்பது மறந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, எழுந்து குதிக்கலாம் போல இருந்தது.

"நாளைக்குப் பிள்ளையத் தொடலாமா?" என்றேன்.

"எங்க ஊருக் கடக்கரை மணல்லயே தோரியம் கெடக்கு. அதுல இந்த மெஷின வச்சா ஒங்க கிட்ட அடிக்கிறத விடக் கூட அடிக்கும். அந்த மணல்ல ஒக்காந்துதான் எங்க சித்தப்பா வல பின்னுதாவ. பத்துப் பிள்ளைய அவிய மடியில வளந்துட்டு. நான் சொல்லக்கூடாது, டாக்டர் சொல்லுவாவ. உள்ள போங்க."

டாக்டர் எண்களைப் பார்த்தார். மூன்று வாரம் என்பது பொதுவாகச் சொல்வது, அளந்து பார்த்த பிறகு அந்த ஆளுக்கு அளந்ததுதான் கணக்கு என்றார். போகலாம், பக்கத்தில் உட்காரலாம், வளையல் போடலாம், வீட்டுக்கும் கூட்டி வரலாம். மகளோடு ஒரே படுக்கையில் மட்டும் இன்னும் ஒரு வாரம் படுக்க வேண்டாம். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வெளியே என் கணவர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மீட்டர் என்ற வார்த்தையை நாங்குநேரி போய்ச் சேரும் வரைக்கும் அவர் வாயில் வைக்கவில்லை. அதுதான் அவருடைய பெரிய மனசு. மறுநாளிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

நாங்குநேரியில் கோயில் தெருப்பக்கம் ஒரு சின்ன மண்டபம். ஏரல் வேன் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. நாத்தனார் என்னைக் கண்டதும், "வந்துட்டியளா மதினி, ஆயுசு நூறு!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள். மகள் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை, கழுத்து நிறைய மாலை, கன்னத்தில் சந்தனம். முகம் உப்பி அழகாக இருந்தாள். நான் அவளை நேரில் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பத்தடி தள்ளித் தூண் பக்கத்தில் என் கால் நின்றுவிட்டது.

கையெழுத்துப் போட்ட தாள் கைப்பையில் இருந்தது. அளவும் தெரியும், காரணமும் புரியும். இருந்தாலும் கால் வரவில்லை. அளவு இறங்கிய வேகத்தில் பயம் இறங்கவில்லை. அதற்கு எத்தனை நாளைக்குப் பாதி என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. சம்பந்தி அம்மாள் கூப்பிட்டார். கணவர் முதுகில் பைய ஒரு விரலால் குத்தினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எம்மா," என்று மகள் கூப்பிட்டாள். "ஒனக்குப் பயமா இருக்கா? எனக்கு இல்ல. வா."

போனேன். மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். வளையலைச் சட்டென்று மாட்டிவிட்டு, இரண்டே விநாடியில் தள்ளிப் போய்விட வேண்டும். பச்சைக் கண்ணாடி வளையலில் முதலாவதை எடுத்து அவள் வலது கையில் மாட்டினேன். பெருவிரல் கணுவில் போய் நின்றது. அழுத்தினேன். நகரவில்லை. கல்யாணத்தின்போது போட்ட அளவையே சொல்லி வாங்கி வரச் செய்திருந்தேன். கை நீர் ஏறிப் பூரித்திருந்தது. அதை வீடியோவில் கண்டுபிடிக்க முடியுமா?

"வேற அளவு எங்ககிட்ட இருக்கு" என்றார் சம்பந்தி அம்மாள்.

"வேண்டாம் அத்தை. அம்மா கொண்டுவந்ததப் போடட்டும்" என்றாள் மகள்.

நாத்தனார் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். நான் கீழே பாயில் உட்கார்ந்தேன். மகளின் கையை இழுத்து மடியில் வைத்து எண்ணெய் தடவினேன். விரல்களை ஒன்றாகக் குவித்து, கணுவை உள்ளே அமுக்கி, சதையைப் பின்னால் தள்ளி, பையப் பையச் சுற்றினேன். ஒன்று உடைந்தது. "கண்ணேறு கழிஞ்சிட்டு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மறுபடியும் எண்ணெய் விட்டேன். அவள் கை சூடாக இருந்தது. சின்ன வயசில் சிலேட்டு விழுந்து ஏற்பட்ட தழும்பு கட்டைவிரல் பக்கம் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் என் நெற்றி அவள் முழங்காலில் முட்டியது. நான் நகரவில்லை. வளையல் கணுவைத் தாண்டி மணிக்கட்டில் இறங்கியபோது பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். ஏழு வளையலும் ஏறி முடிய நாத்தனார் இரண்டாவது கிண்ணம் எண்ணெய் கொண்டுவர வேண்டியிருந்தது.

போதும், மற்றவர்களும் போடட்டும் என்று எழுந்திருக்கப் போனேன்.

"எங்க போற?" என்று மகள் இடது கையையும் என் மடியில் வைத்தாள்.